ஸ்டாரை எங்கே கட்டுவது?

செண்பகத்தோப்புக்குப் போகிற ரோட்டில் எங்கள் காலனி. அங்கே என் தங்கச்சி போன வருசம் வீடு கட்டி முடித்தாள். ஆதிதிராவிடர் ஒதுக்கீட்டில் வந்த தொகுப்பு வீடு. அரசு கொடுத்த பணம் பாதிக்குத்தான் பற்றியது, மிச்சம் கடன். ஆனாலும் காங்கிரீட் கூரை. அதுவரை ஓலை வீடு. ஓலைக்குக் கீழே மெழுகுவத்தி வைத்த ஸ்டாரைத் தொங்கவிட யாருக்குத் துணிச்சல் வரும்? புது வீட்டில்தான் பிள்ளைகள் முதல்முறையாக ஸ்டார் செய்தார்கள். மூங்கில் பத்தை, மைதாப் பசை, சிவகாசி அச்சாபீசில் வேலை பார்க்கிற மச்சான் கொண்டுவந்த கலர்க் காகிதம். குடிலில் புல்லுக்காகக் கேழ்வரகை முன்கூட்டியே தெளித்து முளைக்க விட்டிருந்தார்கள்.

வாசலில் ஆணியும் அடித்தாயிற்று. அப்போது தங்கச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஸ்டாரை வெளிய கட்டலாமா, வேண்டாமா? பிள்ளைக்குச் சாதிச் சர்டிபிகேட் கேட்டு எழுதிக் குடுத்துருக்கோம். எவனாச்சும் பாத்துட்டு மொட்டைக் கடுதாசி போட்டுட்டா?"

மேடையில் முழங்குகிற நான் சொன்னேன்: "உள்ளயே கட்டு தாயி."

ஸ்டார் அடுப்படிக்குப் போனது. அதிலிருந்து எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கம் எனக்கு மட்டும் உரியதா என்றுதான் இதை எழுதுகிறேன்.

10.8.1950 அன்று குடியரசுத் தலைவர் பெயரில் ஓர் ஆணை வந்தது. அதன் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவத் தலித்தும் முஸ்லிம் தலித்தும் இன்னும் வெளியே. செண்பகத்தோப்பில் நம் பக்கத்திலேயே வாழும் பளியர் மக்களைப் பாருங்கள். பழங்குடிப் பட்டியலில் மதம் பற்றிய பேச்சே கிடையாது. பளியர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் பழங்குடிதான். அதுதான் நியாயம். நமக்கு மட்டும் ஏன் சாமியைக் காட்டிச் சான்றிதழ்?

சூசையின் கதை தெரியுமா தோழர்களே? சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்தவர். பட்டியல் சாதிச் செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. கிறித்தவர் என்று சொல்லி இவருக்கு மட்டும் இல்லை என்றார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை தொடர்கிறது என்பதற்குச் சான்று போதாது என்று 1985இல் தள்ளிவிட்டார்கள். அதே ஊசி, அதே தோல், அதே ரோட்டோரம். இன்னும் என்ன சான்று வேண்டும்?

தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். காகிதத்தில் 'உயர்ந்து' விடுகிறார். காலனியை விட்டு ஓர் அடி நகர்வதில்லை. அடிபட்டால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவருக்கு இல்லை. அடிக்கிறவன் ஞானஸ்நானம் கேட்டுவிட்டா அடிக்கிறான்? அதனால்தான் வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் என்று நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். புதுச்சேரிப் பெண் ஒருவர் தொடர்ந்த வழக்கில், 26.11.2024 அன்று உச்ச நீதிமன்றம் இதை அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது. பொய் சொல்ல வைப்பது சட்டம். மோசடிக்காரி எங்கள் தங்கச்சியா?

சபைகளையும் விட முடியாது. வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா, மடத்துக்குள் இருந்த சாதியை 1992இலேயே 'கருக்கு' நூலில் எழுதிவிட்டார். செத்தவர்களைக்கூடச் சாதி பார்த்துப் பிரித்துப் புதைத்த கல்லறைகள் இந்தத் தமிழ்நாட்டில்தான். டெல்லியிடம் நியாயம் கேட்கிற ஆயர்கள் தங்கள் கல்லறைத் தோட்டத்திலும் அதைக் கேட்கட்டும்.

"நம்ம 18 சதவீதத்துல பங்குக்கு வாராகளே" என்று நம் ஆட்களே முணுமுணுக்கிறார்கள். தலை கூடினால் பங்கும் கூட வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்போம். ஒரே தெரு, ஒரே குழாயடி, பாதிப் பேர் மாரியம்மன், பாதிப் பேர் மாதா. நம்மைப் பிரித்துக் கணக்கெழுதியது நாமல்ல.

மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே பரிந்துரைத்தது. 2022இல் ஒன்றிய அரசு இன்னோர் ஆணையம் போட்டது. 19.4.2023 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை தீர்மானமே நிறைவேற்றியது. ஆகஸ்ட் 10ஐக் கருப்பு நாளாகச் சபைகள் கடைப்பிடிக்கின்றன. அதை ஆயர்களின் நாளாக விட்டுவிடாதீர்கள். இந்துத் தலித்தும் பௌத்தத் தலித்தும் அன்று தெருவுக்கு வரவேண்டும். மாணவர்கள் அந்த மூன்றாம் பத்தியை அச்சடித்துக் காலனி காலனியாக வாசித்துக் காட்டவேண்டும்.

தங்கச்சி வீட்டு வாசலில் அடித்த ஆணி அப்படியே இருக்கிறது. அதைப் பிடுங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.