ஆறில் ஒன்று

ஒரு கிலோ எடை. பதினெட்டு சென்டிமீட்டர் அகலம். நம் வீட்டு டிபன் தட்டைவிடக் கொஞ்சம் சின்னது. இதைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டரை மீட்டர் வட்டத்துக்குள் முதுகைக் காட்டி நின்று, ஒன்றரைச் சுற்று சுற்றி விட்டெறிய வேண்டும். பெண்களுக்கான டிஸ்கஸ் த்ரோ என்பது இவ்வளவுதான். தமிழில் தட்டெறிதல். (கல்யாணப் பந்தியில் சாம்பார் வர லேட்டானால் மாப்பிள்ளை வீட்டார் செய்வது வேறு விளையாட்டு.)

'ப்பூ, இவ்வளவுதானா!' என்பவர்களுக்கு ஒரு கணக்கு. உலகத் தர வீராங்கனைகள் அந்தத் தட்டை அறுபத்தெட்டு, எழுபது மீட்டர் எறிகிறார்கள். கிரிக்கெட் பாஷையில் சொன்னால், பிட்ச் நடுவில் நின்று எறிந்தால் பல மைதானங்களில் சிக்ஸர். நானும் நீங்களும் எறிந்தால் தட்டு பக்கத்துக் கூண்டு வலையில் மாட்டிக்கொள்ளும். நாம் தலை சுற்றி உட்கார்ந்திருப்போம்.

ஆனால் சொல்ல வந்தது தூரத்தைப் பற்றி இல்லை. இந்த ஆட்டத்தின் ஒரு சட்டத்தைப் பற்றி. ஃபைனலில் ஒருவருக்கு அதிகபட்சம் ஆறு வாய்ப்பு. ஆறில் எது நீளமோ அது மட்டும்தான் கணக்கு. மற்ற ஐந்தும் போன இடம் தெரியாது. கூட்டல் கிடையாது, சராசரி கிடையாது. நம் ஆபீஸ் கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட்டுக்கு நேர் எதிர். பதினொரு மாசம் மாங்கு மாங்கென்று உழைத்துவிட்டு ஒரே ஒரு நாள் லேட்டாகப் போய்ப் பாருங்கள், மானேஜருக்கு அந்த ஒரு நாள்தான் ஞாபகம் இருக்கும். இங்கே உல்ட்டா. சொதப்பல் எல்லாம் மன்னிக்கப்படும். உருப்படியான ஒன்று மட்டும் நிற்கும்.

எவ்வளவு கருணையான சட்டம் என்று தோன்றுகிறதல்லவா? வேலரி ஆல்மனைக் கேளுங்கள்.

ஆல்மன் அமெரிக்காக்காரர். சின்ன வயசில் டான்ஸ் கற்றவர். ஹைஸ்கூலில் எறிதல் கோஷ்டிக்கு வருஷா வருஷம் ஸ்பாகெட்டி விருந்து நடக்குமாம். டிஸ்கஸ் எறிந்து பார்த்தால் விருந்துக்கு வரலாம் என்று ஆசை காட்ட, போனவர் அப்படியே தங்கிவிட்டார். (ஓசிச் சாப்பாட்டுக்காக யூனியனில் சேர்ந்தவர்கள் நம் ஆபீஸிலும் உண்டு. ஒருத்தரும் ஒலிம்பிக்ஸ் போனதாகத் தகவல் இல்லை.)

கொரோனாவால் ஒரு வருஷம் தள்ளிப் போய் 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தகுதிச் சுற்றில் 64 மீட்டர் எறிந்தால் நேரே ஃபைனல். எறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஆல்மன். இன்னொருவர், சரியாக 64.00 எறிந்த நம் பஞ்சாப் கமல்ப்ரீத் கவுர்! உடனே நாடு முழுக்க டிஸ்கஸ் நிபுணர்கள் முளைத்துவிட்டார்கள். ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை, நம்ம டயத்துக்குச் சாயங்காலம் நாலரை மணிக்கு ஃபைனல். ஆபீஸ் நேரம்தான். ஆனால் எத்தனை ஃபைல் நகர்ந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆல்மன் முதல் வீச்சிலேயே 68.98. கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வட்டம் வழுக்கி, போட்டியையே நிறுத்தி வைத்தார்கள். மழை விட்டு மறுபடி ஆரம்பித்த பிறகும் அந்த 68.98-ஐ யாராலும் தொட முடியவில்லை. ஒரே வீச்சு, தங்கம். கமல்ப்ரீத் 63.70 எறிந்து ஆறாவதாக வந்தார். அதுவே பெரிய விஷயம். ஆனால் மறு வருஷம் ஸ்டானஸோலால் என்ற ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டி மூன்று வருஷத் தடை வாங்கினார். அன்றைக்குக் கைதட்டிய நாம் மானசீகமாகக் கையை இறக்கிக்கொண்டோம்.

ஆக, 2021-ல் சட்டம் ஆல்மன் பக்கம். 2022-ல் கட்சி மாறியது.

அமெரிக்காவிலேயே, யூஜீன் நகரில் உலக சாம்பியன்ஷிப். சொந்த மண், ஒலிம்பிக் சாம்பியன் என்ற பட்டம், எல்லாம் ஆல்மனிடம். சீனாவின் ஃபெங் பின் முதல் வீச்சில் 69.12 எறிந்தார். அதுவரை அவருடைய வாழ்நாள் பெஸ்ட் அதற்கு மூன்று மீட்டர் கீழே இருந்தது! இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய க்ரோஷியாவின் சாண்ட்ரா பெர்கோவிச்சுக்கு 68.45, வெள்ளி. ஆல்மனுக்கு 68.30, வெண்கலம். அதே ஃபைனலில் பன்னிரண்டாவதாக வந்த இன்னொரு அமெரிக்கப் பெண்ணை யாரும் கவனிக்கவில்லை. ஃபைனலில் மொத்தமே பன்னிரண்டு பேர்தான்.

அந்தப் பெண்ணின் பெயர் லௌலௌங்கா டௌசாங்கா. ஹவாயில் பிறந்தவர், சமோவா வம்சாவளி. (பெயரைச் சொல்லவே ஒன்றரைச் சுற்று வேண்டியிருக்கிறது என்று சிரிக்காதீர்கள். 'திருவல்லிக்கேணி' என்று அவரைச் சொல்லச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.)

2023 ஆகஸ்ட் 22. ஹங்கேரியில் புடாபெஸ்ட். அடுத்த உலக சாம்பியன்ஷிப் ஃபைனல். ஆல்மன் இந்தத் தடவை விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஆரம்பத்திலேயே 69.23 எறிந்து முன்னால் உட்கார்ந்துகொண்டார். டௌசாங்கா? முதல் வீச்சு 52 மீட்டர் சொச்சம். உலக சாம்பியன்ஷிப் ஃபைனலில் அந்தத் தூரத்தைப் பார்த்தால் ஸ்கோர்போர்டு ரிப்பேரோ என்றுதான் தோன்றும். அன்றைக்கு மைதானத்துக்குள் வரும்போது அவருடைய வாழ்நாள் பெஸ்ட்டே 65.46-தான்.

ஐந்தாவது ரவுண்டு. டௌசாங்கா சுற்றினார், விட்டார். தட்டு போயிற்று, போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. 69.49.

நாலு மீட்டர் சார்! இந்த மட்டத்தில் ஒரு வருஷம் முழுக்க உழைத்து அரை மீட்டர் ஏறினாலே கேக் வெட்டுவார்கள். இந்த அம்மணி ஒரு சாயங்காலத்தில் நாலு மீட்டர் ஏறி, ஆல்மனை 26 சென்டிமீட்டரில் கீழே தள்ளிவிட்டார். பள்ளிக்கூட ஸ்கேலைவிடக் குறைச்சல். பெண்கள் டிஸ்கஸில் உலக சாம்பியன் ஆன முதல் அமெரிக்கர் என்ற பெருமை, அதற்காகவே வருஷக்கணக்கில் காத்திருந்த ஆல்மனுக்கு இல்லை. டௌசாங்காவுக்கு.

இங்கேதான் எனக்குக் கட்சி சேர முடியாமல் போகிறது. ஆல்மனைப் பார்த்தால், தினமும் ஒன்பது ஐம்பத்தைந்துக்கு சீட்டில் இருக்கும் சீனியர் அசிஸ்டென்ட் ஞாபகம் வருகிறது. எந்த ஊர்ப் போட்டியிலும் குறைவாக எறிகிற வழக்கமே கிடையாது. ஆனால் அரியர்ஸ் மட்டும் வேறு யாருக்கோ போகிறது. சரி, டௌசாங்காவுடையது குருட்டு அதிர்ஷ்டமா என்றால், அதுவும் இல்லை. லாட்டரிச் சீட்டை யாரும் கிழிக்கலாம். ஆனால் 69.49-ஐத் தவறிப்போய் எறிய முடியாது. கால் ஒரு இன்ச் தள்ளி விழுந்தாலோ, விரல் ஒரு கணம் முந்தினாலோ தட்டு வலையில்தான் இருக்கும். அந்த வீச்சு அவருக்குள் எங்கேயோ இருந்திருக்கிறது. அவருக்கே தெரியாமல்.

அதே சட்டம் மறு வருஷம் அவரிடம் வட்டியோடு வசூலித்துக்கொண்டது. 2024 ஜூன், பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கான அமெரிக்கத் தேர்வுப் போட்டி. ஃபைனலில் டௌசாங்காவின் மூன்று வீச்சும் ஃபவுல். வைத்துக்கொள்ள ஒன்றுகூட இல்லை. உலக சாம்பியன் என்று தனிச் சலுகையும் கிடையாது. வீட்டிலிருந்து டி.வி.யில் பார்க்க வேண்டியதுதான்.

அன்று தேறிய மூவரில் வெரோனிகா ஃப்ரேலி என்ற மாணவியின் கதை நம் வாசகர்களுக்குப் பிடிக்கும். பாரிஸில் தகுதிச் சுற்றுக்கு முதல் நாள், 'நாளைக்கு ஒலிம்பிக்ஸில் எறியப் போகிறேன், வீட்டு வாடகை கட்டப் பணம் இல்லை' என்ற பொருளில் சமூக வலைத்தளத்தில் புலம்பினார். ஃப்ளேவர் ஃப்ளேவ் என்ற ராப் பாடகரும், ரெடிட் நிறுவனர்களில் ஒருவரான அலெக்சிஸ் ஒஹானியனும் வாடகைக்குப் பணம் தர முன்வந்தார்கள். அவர் ஃபைனலுக்குத் தேறவில்லை. நம்ம ஊரில் அப்படி எழுதினால் வீட்டு ஓனர்தான் முதலில் படிப்பார்.

பாரிஸ் ஃபைனலில் ஒரு வேடிக்கை. ஃபெங் பின்னும் பெர்கோவிச்சும் (கல்யாணத்துக்குப் பிறகு எல்காசெவிச்) ஒரே தூரம், 67.51. இப்படி டை ஆனால் மட்டும் குப்பையைக் கிளறி இரண்டாவது நல்ல வீச்சை எடுத்துப் பார்ப்பார்கள். பார்த்து, ஃபெங்குக்கு வெள்ளி கொடுத்தார்கள். தங்கம் ஆல்மனுக்கு, 69.50 மீட்டர்.

இரண்டு ஒலிம்பிக் தங்கம் ஆயிற்று. உலக சாம்பியன்ஷிப் மட்டும் பாக்கி. 2025 ஏப்ரலில் ஓக்லஹோமா மாநிலத்தில் ரமோனா என்ற காற்றடிக்கும் ஊரில் 73.52 எறிந்தார். (டிஸ்கஸுக்கு எதிர்க்காற்று நல்லது. எதிர்க்காற்றில் முன்னேறுகிற வித்தை நமக்குத்தான் வரவில்லை.) 1989-க்குப் பிறகு எந்தப் பெண்ணும் அவ்வளவு தூரம் எறிந்ததில்லை. உலக சாதனை இன்னும் கிழக்கு ஜெர்மனியின் காப்ரியேல ரைன்ஷ் 1988-ல் எறிந்த 76.80 மீட்டர்தான். அந்த நாட்டு அரசாங்கமே வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்துவந்தது பின்னாளில் ஆவணங்களோடு அம்பலமானதால், அந்தக் காலத்து சாதனைகளைப் பற்றி நான் அதிகம் பேசுவதாக இல்லை.

2025 செப்டம்பரில் மறுபடி டோக்கியோ, மறுபடி உலக சாம்பியன்ஷிப். ஆல்மனுக்குத் தங்கம். 2022-ல் வெண்கலம், 2023-ல் வெள்ளி, 2025-ல் தங்கம். சர்வீஸ் ரூல்ஸ்படி ப்ரமோஷன் வந்த மாதிரி.

தூரம் 69.48. இதையே புடாபெஸ்டில் எறிந்திருந்தால் வெள்ளிதான். ஒரு சென்டிமீட்டர் குறைகிறது.