இரும்பும் ஒரு புதையலே

மண்ணுக்கடியில் பொன் கிடைத்தால் ஊர் கூடுகிறது. செப்புச் சிலை கிடைத்தால் தாசில்தார் வருகிறார். செய்தித்தாள் படம் போடுகிறது. துருவேறிய இரும்புத் துண்டு கிடைத்தால் என்ன நடக்கிறது? அது பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. எடை போட்டுக் காசாகிறது. இந்த வழக்கம் நமக்குப் பெரிய நட்டம் என்பதே நம் கருத்து.

இங்கிலாந்தில் ஆங்கிலோ-சாக்சன் மக்கள் வாழ்ந்த காலத்தில் ‘சீக்ஸ்’ என்றொரு நீண்ட கத்தி வழங்கி வந்தது. நம் வெட்டுக்கத்தியைப் போல அதற்கும் ஒரு பக்கம் மட்டுமே கூர். சாக்சன் என்ற இனப்பெயரே இக்கத்தியின் பெயரிலிருந்து வந்திருக்கலாம் என்பர். பழங்காலத்தில் இறந்தவரோடு இதனையும் புதைத்தனர். 597ஆம் ஆண்டு பாப்பரசர் முதலாம் கிரகோரியார் அனுப்பிய புனித அகுஸ்தினார் கெண்ட் நாட்டில் இறங்கினார். கிறிஸ்தவம் பரவப் பரவ, கல்லறையில் ஆயுதம் வைக்கும் வழக்கம் மெல்ல மறைந்தது. இவற்றையெல்லாம் அந்நாட்டார் பெரிதும் அறிந்தது, மண்ணில் கிடைத்த துருப்பிடித்த இரும்பைக் கொண்டேயாம்.

அக்கத்திகளுள் புகழ்பெற்றது 1857இல் லண்டனில் தேம்சு நதியில் கிடைத்தது. சுமார் 72 சென்டிமீட்டர் நீளமுள்ள அதில் 28 ரூன் எழுத்துகளும் ‘பேயாக்னாத்’ என்ற பெயரும் பதிக்கப்பட்டுள்ளன. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆற்றில் துணையின்றித் தனியே கிடைத்ததால், அதன் வடிவத்தையும் எழுத்தையும் வைத்தே காலத்தைக் கணிக்க வேண்டியதாயிற்று. எழுத்து இருந்ததால் அது பேசிற்று. எழுத்தில்லாத இரும்பு எப்படிப் பேசும்? அது கிடந்த இடமே அதற்கு வாய்.

இதை உணர நாம் லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ஆய்வு, தூத்துக்குடி மாவட்டச் சிவகளையில் இரும்பின் பழமையைக் கி.மு. 3345 வரை கொண்டு செல்கிறது. இன்னும் சான்று வேண்டும் என்று கேட்கும் அறிஞரும் உளர். ஆனால் இந்தக் காலக்கணிப்புக்குத் துணை நின்றவை எவை? இரும்போடு கிடந்த கரித்துண்டும் பானை ஓடுமே. அந்த இரும்பை யாரேனும் முன்பே பிடுங்கி எடுத்து விற்றிருந்தால், அது வெறும் துருக்கட்டி. அருகிலுள்ள ஆதிச்சநல்லூரிலும் ஒரு நூற்றாண்டுக்கு முன் அலெக்சாண்டர் ரீ என்பவர் பொற்பட்டங்களோடு இரும்பு வாள்களையும் ஈட்டிகளையும் எடுத்தார். பொற்பட்டத்தை நினைவில் வைத்திருப்போர் பலர். வாளை நினைப்பவர் சிலரே!

நம் புதுவை மண்ணுக்கு வருவோம். 1937இல் துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் அரிக்கமேட்டுப் பகுதிச் சிறுவர்களிடமிருந்து பழைய மணிகளை வாங்கினார். ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகுஸ்துவின் தலை செதுக்கிய கல் ஒன்றும் அவருக்குக் கிடைத்தது. பின்பு 1945இல் வீலர் என்பவர் அங்கு அடுக்கடுக்காக மண்ணை அகழ்ந்தார். இத்தாலி நாட்டுப் பானை ஓடுகள் எந்த அடுக்கில் கிடந்தன என்று குறித்ததால்தான், அவற்றோடு கிடந்த நம் நாட்டுப் பொருள்களின் காலமும் விளங்கிற்று. அவரையடுத்து வந்த கஸால் என்பவர் முத்திரப்பாளையத்திலும் சுத்துக்கேணியிலும் ஈமக்காடுகளைத் தோண்டினார். ஆக, வில்லியனூரைச் சுற்றிய நிலம் வெறும் வயலன்று. முன்னோரின் கல்லறைத் தோட்டமுமாகும்.

பாகூரைப் பாருங்கள். அங்கே கிடைத்த பல்லவர் காலச் செப்பேடுகளால், அவ்வூரில் ஒரு வித்தியாஸ்தானம், அதாவது ஒரு கல்லூரி, இருந்ததை அறிகிறோம். செம்பில் எழுத்து இருந்தது, ஆகவே காப்பாற்றினோம். எழுத்தில்லாத இரும்பையும் அவ்வாறே மதிக்கும் அறிவு நமக்கு வேண்டாமா?

இன்று ஜே.சி.பி. இயந்திரம் ஒரு மணி நேரத்தில் ஒரு மேட்டைச் சமன் செய்துவிடுகிறது. வயல்கள் மனைகளாகின்றன. தாழிகள் உடைகின்றன, உள்ளிருந்த இரும்பு சிதறுகிறது. கூலியாள் ஒருவர் அதனை விற்று ஒரு வேளைச் சோறு உண்டால் அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. நிலம் பறிபோகுமோ என்று விவசாயி அஞ்சுவதும் புரிகிறது. அந்த அச்சத்தைப் போக்குவது அரசின் கடமை. செய்தி சொன்னவரை அலைக்கழிக்காமல், அதிகாரிகள் விரைந்து வந்து பார்த்து, குறித்துக்கொண்டு, வேலை நடக்க விட வேண்டும். கொம்யூன் பஞ்சாயத்து அவருக்குச் சிறு பரிசும் பாராட்டும் தந்தால் பலர் முன்வருவர். இங்கிலாந்தில் 1997 முதல் இதற்கென்றே ஒரு திட்டம் உண்டு. சட்டம் கட்டாயப்படுத்தாத சாதாரண இரும்பையும் செம்பையும்கூட, கண்டெடுத்தோர் தாமாகவே கொண்டுவந்து பதிவு செய்கின்றனர். நம் நாட்டின் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டமோ, மண்ணில் மறைந்த மதிப்புள்ள எப்பொருளையும் புதையல் என்றே சொல்கிறது. சட்டம் இருக்கிறது, பழக்கம்தான் இல்லை.

மாணவியராகிய நாம் செய்யக்கூடியது எளிது. கிணறு வெட்டும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ தாழியோ பழைய இரும்போ தென்பட்டால் பிடுங்கக் கூடாது. புளி போட்டுத் தேய்க்கவும் கூடாது. உடன் புதைந்த துணியின் இழையும் மரப்பிடியின் வரியும் சில வேளை அத்துருவிலேயே பதிந்திருக்கும். எந்த இடம், எவ்வளவு ஆழம், பக்கத்தில் என்ன கிடந்தது என்று குறித்து, ஆசிரியரிடமும் கிராம நிர்வாக அதிகாரியிடமும் சொல்ல வேண்டும். பெற்றோர்களும் இதற்குத் துணை நிற்க வேண்டுகிறோம்.

நவம்பர் 2ஆம் நாள் நம் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றி, மலர் தூவி மன்றாடுகிறோம். தாழியில் வாளை வைத்தவரும் தம் அன்புக்குரியவரை நினைத்துக் கண்ணீரோடுதான் வைத்திருப்பார். அதை எடைக்கல்லில் வைக்க நமக்கு என்ன உரிமை?