பேசிக்கொண்டே சாப்பிட ஓர் இடம்



மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவருக்கு எழுபது தாண்டிவிட்டது, காதில் கருவி. வாரத்தில் ஒரு வேளையாவது அடுப்புக்கு ஓய்வு கொடுத்துவிட்டு இருவரும் வெளியே சாப்பிட ஆசை. “பெரிய ஹோட்டலில் நான் பேசுவது அவருக்குக் கேட்பதில்லை, தட்டுச் சத்தம்தான் கேட்கிறது. பில்லைப் பார்த்தால் எனக்குச் சாப்பிட்டது இறங்குவதில்லை. அமைதியாக உட்கார்ந்து, கட்டுப்படியாகிற விலையில் சாப்பிட ஓர் இடம் சொல்லுங்களேன்” என்கிறார்.

இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. சென்னை கதீட்ரல் சாலையில் 1962-ல் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் 2008-ல் மூடப்பட்டது. இன்று அங்கே செம்மொழிப் பூங்கா. அன்று அந்த உணவகத்தில் ஒரு காபியை வைத்துக்கொண்டு மரநிழலில் மணிக்கணக்காகப் பேசலாம், யாரும் எழுந்திருக்கச் சொல்லமாட்டார்கள். அங்கே கிடைத்த மசால் தோசைக்கு ஈடாக வேறு எங்காவது ஒன்று கிடைத்துவிடும். அப்படி உட்கார்ந்திருப்பதற்குத்தான் ஊரில் இடம் குறைந்துகொண்டே வருகிறது.

ஒரு ஹால் இரைவதற்குக் கூட்டம் மட்டும் காரணமில்லை. டைல்ஸ் தரை, கண்ணாடிச் சுவர், கிரானைட் மேசை, எவர்சில்வர் தட்டு, ஏ.சி.க்காகச் சாத்திய கதவு. எழுந்த சத்தம் உள்ளேயே சுற்றுகிறது. பக்கத்து மேசையை மீறி நாம் குரலை உயர்த்துகிறோம், நம்மை மீறி அவர்கள். இரைச்சலின் நடுவே மனிதக் குரல் தானாக உயர்ந்துவிடுவதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911-லேயே எழுதிவைத்தார். காதுக்கருவிக்கோ பேச்சையும் இரைச்சலையும் முழுசாகப் பிரித்தறியத் தெரியாது, இரண்டையும் சேர்த்தே பெரிதாக்கும். அதனால் அமைதிக்காக ஏ.சி. ஹாலுக்குக் கூடுதல் காசு கொடுப்பது பல இடங்களில் வீண். பெரிய சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி, ஜன்னல் திறந்திருக்கும், மின்விசிறி ஓடும், பத்து மேசைக்கு மேல் இல்லாத அறைதான் காதுக்கு நல்லது.

விலையும் அங்கேதான் இறங்குகிறது. 2017 நவம்பர் 15 முதல், தெருவில் இருக்கும் சாதாரண உணவகத்துக்கு ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். பில்லில் தெரியும் வித்தியாசமெல்லாம் பெரும்பாலும் வாடகை, மின்சாரம், அலங்காரம்.

ஆனால் நான் பெரிதாக நம்புவது வேறொன்றை. ஒரு கடை யாரை நம்பி நடக்கிறது? திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கி வேலைக்குப் போனவர்களை நம்பி அந்த வட்டாரத்து மெஸ்கள் வளர்ந்தன. மாதம் முழுக்க அதே ஆள் வருவார். விலையை ஏற்றினால் அடுத்த மாதம் காணோம். எண்ணெயும் சோடா உப்பும் கூடினால் மூன்றாம் நாளே அவர் வயிறு சொல்லிவிடும். ஒரு சாம்பார், ஒரு ரசம், கூட்டு, பொரியல், மோர்: இதற்கு நூறு வரி மெனு கார்டு எதற்கு? சப்ளையர் சமையலறையைப் பார்த்துக் கத்தவும் வேண்டாம். அதே வட்டாரத்தில், அக்பர் சாகிப் தெருவின் காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு முறை வரும்வரை வெளியே நிற்க வேண்டும். சாப்பிடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு யாரும் நிற்பதில்லை. இது எவ்வளவு பெரிய மரியாதை!

உங்கள் பேட்டையிலும் இப்படியொரு கடை நிச்சயம் இருக்கும். இஸ்திரி வண்டிக்காரரிடம், மருந்துக் கடைப் பையனிடம், வங்கிக் கிளை ஊழியரிடம் கேளுங்கள். ‘எங்கே நல்லா இருக்கும்’ என்று கேட்டால் பிரபலமான பெயர்தான் வரும். ‘நீங்க தினமும் எங்கே சாப்பிடறீங்க’ என்று கேளுங்கள். போனதும் உட்காருவதற்கு முன் ஒரு பார்வை: டி.வி. ஓடுகிறதா? பார்சல் வாங்க வந்தவர்கள் மேசைகளுக்கு நடுவே நிற்கிறார்களா? தனியாக வந்த பெண்கள் நிதானமாகச் சாப்பிடுகிறார்களா? காபி முடிந்த பிறகும் ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தால் தயங்காமல் உட்காருங்கள். அவரை எழுப்பாதவர்கள் உங்களையும் எழுப்பமாட்டார்கள்.

நேரமும் முக்கியம். பகல் பதினொன்றரைக்குப் போனால் சாம்பார் அப்போதுதான் இறங்கியிருக்கும், ஹாலும் காலியாக இருக்கும். ஒரு மணிக்குப் போய் எந்தக் கடையையும் எடைபோடாதீர்கள். மயிலாப்பூர் அருண்டேல் தெரு ராயர் மெஸ்ஸின் கெட்டிச் சட்னிக்காக ஞாயிறு காலையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். சட்னிக்குப் போகலாம், அமைதிக்கு வேறு கிழமை பார்க்க வேண்டும்.

இத்தனை சொல்லிவிட்டுப் பட்டியல் போடவில்லையே என்பீர்கள். அலுவலகத்தில் பேசினோம், வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். ராயர் மெஸ், காசி விநாயகா போல ஊரறிந்த கடைகள் எங்கள் ஒரு பக்கத்தால் மாறிவிடப்போவதில்லை. ஆனால் இருபது பேர் உட்காரும் கடைக்கு ஒரு வீடியோ இருநூறு பேரைக் கூட்டிவந்துவிடுகிறது. வந்தவர்கள் ஒரு மாதத்தில் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அதற்குள் தினமும் வந்தவர்கள் வேறு இடம் தேடியிருப்பார்கள். மாம்பலம் வாசகிக்கு மட்டும், அவர் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் எனக்குத் தெரிந்த ஓர் இடத்தைத் தனியாக எழுதி அனுப்பியிருக்கிறேன்.

மதுரையோ கோவையோ திருச்சியோ, உங்கள் பேட்டைக் கடையைப் பற்றி எழுதுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எந்த நேரம் போனீர்கள், என்ன விலை, யாருடன் பேசிக்கொண்டிருந்தீர்கள், எல்லாம் எழுதலாம். பெயரைக் குறிப்பிடுவதற்கு முன் கல்லாவில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் பெயரை விட்டுவிட்டு மற்றதை அனுப்புங்கள், அப்படியே வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்