‘உது’வைத் திருத்தாதீர்கள்

அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்துகள் என்று தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல் சொல்கிறது. உகரச் சுட்டு இன்று வழக்கில் இல்லை என்றும் அடுத்த வரியிலேயே சொல்லிவிடுகிறது. அதை எழுதியவர்கள் யாழ்ப்பாணத் தீவகத்தின் குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு காலைப்பொழுது நிற்கவேண்டும்.

நெடுந்தீவுக்குப் போகும் படகில் ஏறிவிட்டவர் கரையில் நிற்பவரிடம், “தம்பி, உந்தப் பையை இஞ்சாலை தாரும்” என்கிறார். பை சொல்பவர் பக்கத்திலும் இல்லை, தொலைவிலும் இல்லை. கேட்பவரின் காலடியில் கிடக்கிறது. அந்த இடத்தை ‘இந்த’வும் ‘அந்த’வும் காட்டமாட்டா. “உது சரிவராது” என்று ஒருவர் மறுக்கும்போது கண்ணுக்குத் தெரியும் பொருளே வேண்டியதில்லை. எதிரே இருப்பவர் சற்றுமுன் சொன்ன பேச்சுத்தான் உது. உவன், உவள், உவர், உவா, உவை, உங்கை, உப்பிடி என்று ஒரு குடும்பமே இங்கே உயிரோடு இருக்கிறது. ‘உவர்’ என்பதில் சிலவேளை ஏளனம் ஏறும் என்பதும் உண்மை; கதை எழுதுபவருக்கு அதுவும் வேண்டும்.

தொல்காப்பியரும் நன்னூலாரும் இலக்கணம் சொன்ன சுட்டு இது. ஆறுமுக நாவலரின் இலக்கணச் சுருக்கத்திலும் உண்டு. ஆனால் இந்த இதழுக்கு வரும் கதைகளில் நயினாதீவு ஆச்சிகூட ‘அது’ என்றே பேசுகிறார். சென்னை வாசகருக்கு விளங்காது என்ற பயத்தில் எழுதுபவர்களே மாற்றிவிடுகிறார்கள். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் ‘நானாடகம்’ நூலில் யாழ்ப்பாணப் பேச்சை அச்சேற்றினார். அதற்குப் பிறகும் நாம் கூசுவதற்கு நியாயமில்லை.

பேச்சு ஓய்ந்துபோனால் என்ன ஆகும் என்பதைக் கனடாவின் கியூபெக் நகருக்கு அருகே வாழும் வெண்டாட் மக்களிடம் பார்க்கலாம். தமிழ் வினையின் ஈற்றில் வைக்கும், ஆளைக் காட்டும் ஒட்டை அவர்கள் மொழி வினையடிக்கு முன்னால் வைக்கும். யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்ற இரண்டையும் ஒரே முன்னொட்டு சொல்லிவிடும். அங்கே அந்தப் பேச்சு ஓய்ந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1632இல் சகார் என்ற துறவி அச்சிட்ட அகராதியிலும், யேசுசபையினர் எழுதிவைத்த கையெழுத்துப் படிகளிலும் அந்த முன்னொட்டுகளைத் தேடி எடுத்து, 2007இல் தொடங்கிய யாவெண்டா திட்டத்தின் வழியே பிள்ளைகளுக்குத் திரும்பக் கற்பிக்க முனைந்தார்கள். மதம் பரப்ப வந்தவர்களின் தாள்கள் இல்லாவிட்டால் அவர்களுக்கு அதுவும் இல்லை.

எங்களுக்கு இன்னும் ஆட்களே இருக்கிறார்கள். தீவகப் பள்ளிகளில் சுட்டெழுத்துக் கற்பிக்கும் ஆசிரியர்கள் உகரத்துக்கு உதாரணத்தைப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சிலிருந்தே எடுக்கவேண்டும். எங்களுக்கு எழுதுபவர்களே, உதுவை உதுவாகவே எழுதி அனுப்புங்கள். இந்த இதழில் அதை யாரும் ‘அது’ ஆக்கமாட்டார்கள்.