பதம் தெரியுமா பாஸ்?

‘நல்ல பால்’னா என்ன? சொல்லுங்க பார்ப்போம்.

ரெண்டே வார்த்தை. சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனா, மாதவரம் பால் பண்ணை பக்கம் போனீங்கன்னா, அதைச் சொல்ல அகராதி போதாது. ஆவின் டேங்கரில் அங்கே வந்து சேரும் பாலின் பயணம், எங்கோ ஒரு கிராமத்து பால் சொசைட்டியில் தொடங்குகிறது. அந்த ரெண்டு வார்த்தைக்கான சோதனையும் அங்கேயே ஆரம்பம்.

முதல்ல மூக்கு. கேன் மூடியைத் திறந்த உடனே முகர்ந்து பார்க்கணும். தாமதிச்சா வாடை காற்றோடு போயிடும். ‘லேசான புளிப்பு வாடை’ என்று புத்தகத்தில் படிச்சவருக்கு அது வெறும் எழுத்து. தினமும் கேன் கேனா முகர்ந்து பார்ப்பவருக்குத்தான் அது எந்த வாடைன்னு தெரியும்.

அடுத்து லாக்டோமீட்டர். பசும்பாலின் ஒப்படர்த்தி சுமார் 1.028 முதல் 1.032 வரை. அதாவது, கருவியில் 28 முதல் 32. தண்ணி கலந்தா அளவு இறங்கும். சரி, 29 காட்டுது. அப்போ நல்ல பால்தானே?

அங்கதான் மேட்டரே! கொழுப்பு தண்ணியைவிட லேசானது. அதனால கொழுப்பை எடுத்துட்டா அளவு ஏறும். அப்புறம் கொஞ்சம் தண்ணி ஊத்தினா, திரும்பவும் 29! கருவி பொய் சொல்லலை. 29-ன்னா நல்ல பால்னு அவசரப்பட்டு அர்த்தம் போட்டது நாமதான். அதனாலதான் கொழுப்பைத் தனியா அளக்கணும். அதுக்கு 1891-லேயே சுவிட்சர்லாந்தின் கெர்பர் ஒரு முறை கண்டுபிடிச்சார். புளிப்புன்னு சந்தேகம் வந்தா, கொஞ்சம் பாலைக் கொதிக்க வெச்சு, திரியுதான்னும் பார்ப்பாங்க.

கடைசியில் ஒரு மனுஷன் முடிவு சொல்லணும். ‘புளிச்சுப்போச்சு, வேணாம்’னா, விடியறதுக்கு முன்னாடி எழுந்து கறந்தவரின் ஒரு வேளை வருமானம் போச்சு. ‘பரவாயில்ல, ஊத்து’ன்னா, மத்தவங்க கொண்டுவந்த நல்ல பாலும் சேர்ந்து கெட்டுப்போகும். ஒரு வார்த்தைக்கு எவ்வளவு கனம் பாருங்க!

தமிழில் ‘பதம்’ என்றால் சொல். சோறும் பாகும் சரியான பக்குவத்துக்கு வந்தாலும் அதுக்குப் பேர் ‘பதம்’தான். ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று பாட்டி சும்மா சொல்லலை. பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்துட்டுத்தான் அடுப்பை அணைச்சாங்க.

நாம? ‘டாலரன்ஸ்’ பத்தி அஞ்சு மார்க்குக்கு அழகா எழுதிடுவோம். ஒர்க் ஷாப்பில் வெர்னியரைக் கையில் கொடுத்து, ‘இந்த பீஸ் ஓகேவா, ரிஜெக்டா?’ன்னு கேட்டா, பக்கத்தில் இருக்கும் நண்பன் முகத்தைப் பார்ப்போம்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. உங்க பாடத்தில் இருந்து மனப்பாடமா தெரிஞ்ச ஒரு வார்த்தையை எடுங்க. அந்தப் பொருளைக் கண்ணால் பாருங்க, கையால் செய்யுங்க. அப்புறம் யாரையும் கேட்காம நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க. தப்பானா, ஏன்னு தேடுங்க. வார்த்தை பதத்துக்கு வர ஆரம்பிச்சிடும்!