வக்கீல் வேண்டாம் என்றால் சட்டப் புத்தகமும் கிடையாதா?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஒருவர் மீது கார் பறிப்பு வழக்கு. ஜெயிலில் இருந்த அவர், "வக்கீல் வேண்டாம், என் கேசை நானே நடத்துகிறேன்" என்றார். கோர்ட்டும் சரி என்றது.

கேசை நடத்தச் சட்டப் புத்தகம் வேண்டாமா? ஜெயிலில் சட்ட நூலகத்துக்கு அனுமதி கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டார். அனுமதிக்கும்படி கோர்ட்டும் உத்தரவு போட்டது. ஆனாலும் விசாரணை தொடங்கும் வரை ஒரு நாள் கூட விடவில்லை. விசாரணை நடந்தபோது கொடுத்தது மொத்தம் சுமார் 4 மணி நேரம். அதுவும் எப்போது? இறுதி வாதத்துக்குச் சற்று முன்பு!

படம் முடியும் நேரத்தில் டிக்கெட் கொடுத்த கதைதான். குற்றவாளி என்று தீர்ப்பானது.

அப்பீல் கோர்ட்டு அவர் பக்கம் நின்றது. ஆனால் 2005-ம் ஆண்டு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது. "தானே வாதாடும் உரிமை உண்டு, நூலக வசதி தர வேண்டும் என்று எங்கள் முந்தைய தீர்ப்பில் தெளிவாக இல்லை" என்பது அதன் முடிவு.

இது என்ன நியாயம்?

உரிமை வந்த கதை

தானே வாதாடும் உரிமையைக் கொடுத்ததே அந்த சுப்ரீம் கோர்ட்டுதான். 1975-ல் பரெட்டா வழக்கில், விருப்பம் இல்லாதவர் மீது வக்கீலைத் திணிக்கக் கூடாது என்று சொன்னது. 1977-ல் இன்னொரு வழக்கில், கைதிகளுக்கு நல்ல சட்ட நூலகமோ, சட்டம் தெரிந்தவர் உதவியோ ஏதாவது ஒன்று தர வேண்டும் என்றது. 1996-ல் அதற்கும் கடிவாளம் போட்டது. நூலகம் இல்லாததால் தன் கேஸ் கெட்டது என்று கைதியே காட்ட வேண்டுமாம். பார்க்காத புத்தகத்தில் என்ன இருந்தது என்று அவர் எப்படிக் காட்டுவார்?

புத்தகத்தின் அருமைக்கு கிடியன் என்ற ஏழையின் கதையே போதும். 1961-ல் புளோரிடாவில் திருட்டு வழக்கில் சிக்கினார். வக்கீல் வைக்கப் பணம் இல்லை. கோர்ட்டில் கேட்டார், மறுத்து விட்டார்கள். தானே வாதாடினார். 5 ஆண்டு தண்டனை. ஜெயில் நூலகத்தில் படித்து, பென்சிலால் மனு எழுதி சுப்ரீம் கோர்ட்டுக்கு அனுப்பினார். 1963-ல் ஜெயித்தார். மறு விசாரணையில் வக்கீல் வைத்து விடுதலையும் ஆனார். அன்று முதல் அந்த நாட்டில் பெரிய குற்ற வழக்குகளில் ஏழைக்கு அரசு செலவில் வக்கீல் கிடைக்கிறது.

"அவரே தேடிக்கொண்டது"

சிலர் சொல்லலாம்: "இலவச வக்கீலை வேண்டாம் என்றது அவர்தானே? அனுபவிக்கட்டும்."

தானே வாதாடுவது புத்திசாலித்தனம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கோர்ட்டு அனுமதித்த பிறகு வழியை அடைக்கலாமா? அதே கேசில் ஜாமீனில் வெளியே இருப்பவர் பஸ் ஏறி நூலகத்துக்குப் போவார், தெரிந்தவரைக் கேட்பார். உள்ளே இருப்பவர் எங்கே போவார்? இருவருமே தீர்ப்பு ஆகாதவர்கள். ஜாமீன் கட்ட முடிந்ததா, இல்லையா என்பதே பலருக்கு வித்தியாசம். எதிரே நிற்கும் அரசு வக்கீலுக்கோ அலமாரி நிறையப் புத்தகம்.

நம்ம ஊரில்?

இந்தியாவிலும் குற்றம் சாட்டப்பட்டவர் தன் கேசைத் தானே நடத்தலாம். குற்றப்பத்திரிகை நகல் இலவசம். தீர்ப்பு நகல் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்று ஒரு கைதி புகார் சொன்ன வழக்கில், 1978-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் முக்கிய தீர்ப்பு எழுதினார். நகலை இலவசமாக உடனே கொடுத்து, கைதியிடம் எழுத்தில் ரசீது வாங்க வேண்டும். அப்பீல் செய்ய எல்லா வசதியும் ஜெயில் நிர்வாகம் தர வேண்டும் என்றார். அந்தக் கைதி அதற்குள் தண்டனை முழுவதும் அனுபவித்து முடித்திருந்தார்!

இப்போது புதுச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. கொலைக்கு 302, மோசடிக்கு 420 என்று சின்னப் பையனும் சொல்வான். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்து விட்டது. கொலை 103 ஆகிவிட்டது. மோசடி 318. புதுச் சட்டத்தில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தப் பேசுவது! அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்கோ பழைய சட்டம்தான். பழைய புத்தகத்தை மட்டும் வைத்துப் படிக்கும் கைதி கதி என்ன ஆகும்?

பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு ஜெயிலிலும் பழைய சட்டம், புதிய சட்டம் இரண்டும் தமிழில் இருக்க வேண்டும். தானே வாதாடுபவருக்கு விசாரணை தொடங்கும் முன்பே படிக்க நேரம் ஒதுக்க வேண்டும். அவர் கேட்ட தேதி, கொடுத்த தேதி இரண்டையும் ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கலிபோர்னியாவில் கோர்ட்டு போட்ட உத்தரவே ஜெயில் வாசலோடு நின்று போனது. இங்கே அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வது ஜெயில் அதிகாரிகள் பொறுப்பு. செய்வார்களா?