கொதிக்கும் தகரமும் குளிர்ந்த மண் சுவரும்

தோட்டத்து வீட்டுப் பிரச்சினை என்றால் மலைக்குளிரும் கூரை ஒழுகலுமே பேசப்படுகின்றன. இரத்தினபுரி, கேகாலை, களுத்துறை பக்கத்து றப்பர் தோட்டங்களில் வாழும் நம்மவர்களுக்கோ வெக்கைதான் பெரும் தொல்லை. விடியுமுன் பால்வெட்டப் போய் நண்பகலில் திரும்புகிறவர், 10க்கு 12 அடி லயன் காம்பராவுக்குள் தலைசாய்க்க முடிவதில்லை. மேலே தகரம் கொதிக்கிறது. இரட்டை லயன் என்றால் பின்சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம். காற்று ஊடாட வழியே இல்லை. இதில்தான் கைக்குழந்தையும் கிழவியும் பகல் முழுக்கக் கிடக்கிறார்கள்.

பக்கத்துக் கிராமங்களில் வரிச்சுக் கட்டி மண் அப்பிய பழைய வீடுகளுக்குள் போனவர்களுக்கு வித்தியாசம் தெரியும். மண் சுவர் வெயிலை மெதுவாக உள்வாங்கும்; தாழ்ந்த இறவாரம் அந்த வெயிலையும் சுவரில் விழவிடாது. எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபாத்தி, கெய்ரோவில் 1964 மார்ச்சில் நடந்த ஒரு சோதனையைப் பதிந்திருக்கிறார். 50 சென்ரிமீற்றர் தடிப்புள்ள மண்கல் அறையில் இரவும் பகலும் வெப்பம் 21 முதல் 23 பாகைக்குள் நின்றது. 10 சென்ரிமீற்றர் கொங்கிரீட் பலகை அறையிலோ 36 பாகை வரை ஏறியது. வெளியே இருந்ததைவிட அது 9 பாகை அதிகம்!

கெய்ரோ வறண்ட ஊர், இரவில் குளிரும். நம் தாழ்நாட்டில் இரவும் புழுங்கும். மண் சுவர் மட்டும் அதே பலனைத் தராது. இங்கே முதலில் கூரை, அடுத்தது காற்றோட்டம், பிறகே சுவர்.

“இன்னும் எங்களை மண்ணிலேயே கிடக்கச் சொல்கிறீர்களா?” என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கோபம்தான். செலவைக் குறைக்கும் சாக்காக நிர்வாகம் மண்ணைக் காட்டினால் நாமே முதலில் எதிர்ப்போம். ஆனால் சிறிது சீமெந்து கலந்து அழுத்தி எடுக்கும் மண்கல், ஏழைக்கென்று ஒதுக்கிய மட்டமான பொருளல்ல. அதில் கட்டுவதா வேண்டாமா என்பதை வீட்டுக்காரரே தீர்மானிக்க வேண்டும்.

550 சதுர அடி வீடு என்ற ஒரே வரைபடம், குளிர்மலைக்கும் தாழ்நாட்டுக்கும் பொருந்தாது. தாழ்நாட்டு வீடுகளுக்கு ஓட்டுக் கூரை அல்லது தகரத்தின் கீழ் சீலிங், எதிரெதிர் ஜன்னல், அகன்ற இஸ்தோப்பு வேண்டும். புதுவீடு வரும்வரை இப்போதுள்ள லயன் கூரைகளுக்கும் சீலிங் அடித்துத் தர வேண்டும்.

தோட்டக் கமிட்டித் தலைவர்கள், தலைவிமார் தத்தம் லயன்களின் கூரை, ஜன்னல் விபரங்களை எழுதி அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். நிர்வாகத்துடன் அதை வைத்தே பேசப் போகிறோம்.